விண்ணப்பம் போட்டாச்சு, இனி என்ன? முதுநிலைச் சேர்க்கையின் காத்திருப்புக் காலத்தில் நம் கையில் இருப்பவை

(கல்லூரி இறுதியாண்டு மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இறுதியாண்டு படிக்கிற பிள்ளைகளிடம் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "அடுத்து என்ன பண்ணப் போற?" கல்யாண வீட்டில் கேட்பார்கள், பேருந்து நிறுத்தத்தில் கேட்பார்கள். "எம்.எஸ்சி. அப்ளை பண்ணியிருக்கேன்" என்று நீங்கள் சொன்னதும், "எங்க கிடைச்சிருக்கு?" என்று அடுத்த கேள்வி வரும். அதற்குத்தான் உங்களிடம் பதில் இருக்காது. ஏனென்றால் உங்களுக்கே தெரியாது.

இந்தத் 'தெரியாது' ஒரு நாள் இரண்டு நாள் சமாச்சாரம் இல்லை. 'கேட்', 'ஜாம்' தேர்வுகளுக்கு முந்தைய ஆண்டு ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கிலேயே விண்ணப்பம் தொடங்கிவிடும். பிப்ரவரியில் தேர்வு, மார்ச்சில் முடிவு. நடுவில் 'க்யூட்-பி.ஜி.' வரும். நம் மாநிலத்தில் எம்.பி.ஏ., எம்.சி.ஏ. படிப்புக்கு 'டான்செட்', எம்.இ., எம்.டெக். படிப்புக்கு 'சீட்டா-பி.ஜி.' என்று அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் தேர்வுகள் இருக்கின்றன. அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் இளநிலைச் சேர்க்கை ஓய்ந்த பிறகுதான் முதுநிலைச் சேர்க்கை சூடு பிடிக்கும். ஆக, முதல் விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து வகுப்பில் உட்காரும் நாள் வரை கிட்டத்தட்ட ஓராண்டு இழுக்கும். இதற்கு நடுவில் உங்கள் கடைசி செமஸ்டர் தேர்வும் இருக்கிறது.

இவ்வளவு நாள் ஒன்றும் தெரியாமல் இருந்தால் படபடப்பு வரத்தான் செய்யும். "டென்ஷன் ஆகாதே" என்று சொல்வதால் யாருக்கும் டென்ஷன் குறைந்ததில்லை. அதனால் அதை நான் சொல்லப் போவதில்லை. வேறொன்று சொல்கிறேன். இந்தக் கவலையைப் பிரித்துப் பாருங்கள். அதில் ஒரு பகுதி யார் கையிலும் இல்லாதது: கேள்வித்தாள் எப்படி இருக்கும், எத்தனை பேர் போட்டி போடுவார்கள், கட்-ஆஃப் எங்கே நிற்கும் என்பவை. இன்னொரு பகுதி முழுக்க உங்கள் கையில் இருப்பது: சான்றிதழ், பெயர், தேதி, பணம், விதிமுறை. பெரும்பாலான வீடுகளில் இந்த இரண்டும் ஒரே மூட்டையாகக் கட்டிக் கிடக்கிறது. இரண்டாவதை முன்கூட்டியே முடித்து வைத்தால் மூட்டையில் பாதி எடை இறங்கிவிடும். மீதியைத் தூக்கிக்கொண்டு நடந்துவிடலாம்.

இன்றைக்கு அந்தப் பாதியைப் பற்றித்தான் விரிவாகப் பேசப் போகிறேன்.

சாதிச் சான்றிதழ் ஒன்று, ஓ.பி.சி. சான்றிதழ் வேறு

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு ஆண்டும் நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளைகள் தடுக்கி விழுகிற இடம் இதுதான்.

நீங்கள் பள்ளியில் வாங்கி வைத்திருக்கும் சாதிச் சான்றிதழ் மாநில அரசின் பட்டியல்படி தரப்பட்டது. பி.சி., எம்.பி.சி., டி.என்.சி. என்று அதில் இருக்கும். தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்கு அது போதும். ஆனால் ஐ.ஐ.டி., என்.ஐ.டி., மத்தியப் பல்கலைக்கழகம் என்று போனால் அங்கே அந்த அட்டை செல்லாது. அங்கே கேட்பது மத்திய அரசு வடிவத்தில் உள்ள ஓ.பி.சி. சான்றிதழ். கிரீமி லேயர் எனப்படும் வசதி படைத்த பிரிவில் நீங்கள் வரவில்லை என்று அதில் குறிப்பிட்டிருக்க வேண்டும். இதற்கு ஆண்டு வருமான வரம்பு 8 லட்சம் ரூபாய். அந்த வருமானத்தைக் கணக்கிடுவதற்கும், பெற்றோர் வகிக்கும் பதவியைப் பார்ப்பதற்கும் தனி விதிகள் இருக்கின்றன. "எங்க அப்பா சம்பளம் கூட, நமக்குக் கிடைக்காது" என்று நீங்களே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். தாசில்தார் அலுவலகத்தில் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

இன்னும் இரண்டு விஷயம். மாநிலப் பட்டியலில் இருக்கும் எல்லாச் சமூகங்களும் மத்தியப் பட்டியலில் இல்லை. உங்கள் சமூகத்தின் பெயர் மத்தியப் பட்டியலில் இருக்கிறதா, எந்த எழுத்தில் இருக்கிறது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்தது தேதி. மத்திய நிறுவனங்கள் பலவும் அந்த ஆண்டு ஏப்ரல் 1-ஆம் தேதி அல்லது அதற்குப் பிறகு வழங்கப்பட்ட சான்றிதழைத்தான் ஏற்கின்றன. போன வருடம் தேர்வுக்காக வாங்கியது சேர்க்கைக்கு உதவாமல் போகலாம். அதனால் ஏப்ரல் முதல் வாரமே இ-சேவை மையத்துக்குப் போய்விடுங்கள். இடம் கிடைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால், மூன்று நாளில் ஆவணம் பதிவேற்று என்று மின்னஞ்சல் வரும். அந்த மூன்று நாளில் ஒன்று ஞாயிற்றுக்கிழமையாக இருக்கும்.

வருமானச் சான்றிதழும் இப்படித்தான். கல்வி உதவித்தொகைக்கு நடப்பு ஆண்டுச் சான்றிதழைத்தான் கேட்பார்கள். இவற்றுக்கெல்லாம் 'கேன் எண்' எனப்படும் குடிமக்கள் பதிவு எண் வேண்டும். ஒரு முறை பதிந்துவிட்டால் போதும், அடுத்தடுத்த சான்றிதழுக்கு அதே எண்தான். அதில் கொடுத்த கைப்பேசி எண் இப்போதும் உங்களிடம் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய சிம் தொலைந்துபோய், ஒரு முறைக் கடவுச்சொல் வராமல், மையத்துக்கும் வீட்டுக்கும் அலைகிறவர்கள் நிறையப் பேர்.

இனிஷியல் படுத்தும் பாடு

நம் ஊர்ப் பெயர்களில் ஒரு சிக்கல் இருக்கிறது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் முன்னால் இருக்கும். கல்லூரிச் சான்றிதழில் பின்னால் போயிருக்கும். ஆதாரில் அப்பா பெயர் முழுசாக வந்து உட்கார்ந்திருக்கும். வங்கிக் கணக்கில் நான்காவது விதமாக இருக்கும். விண்ணப்பத்தில் 'குடும்பப் பெயர்' என்று ஒரு கட்டம் கேட்கும்போது, இரவு பதினோரு மணிக்கு வீடே கூடி விவாதிக்கும்.

ஒரு பொது விதி வைத்துக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் எப்படி இருக்கிறதோ, எழுத்துக்கு எழுத்து அப்படியே எல்லா விண்ணப்பத்திலும் கொடுங்கள். ஆதாரில் வேறு மாதிரி இருந்தால் இப்போதே திருத்துங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும். அதனால் அவசரப்பட்டு ஒன்றை மாற்றி, பிறகு இன்னொன்று என்று போகக் கூடாது. திருத்தம் செய்யும்போது பத்தாம் வகுப்புச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு, திரையில் தெரிவதைப் படித்துப் பார்த்துவிட்டே சரி சொல்லுங்கள்.

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்களையும், இ-சேவையில் பெற்ற வருவாய்த் துறைச் சான்றிதழ்களையும் டிஜிலாக்கரில் இறக்கி வைத்துவிடுங்கள். துறை வழங்கியதாக டிஜிலாக்கரில் வரும் ஆவணத்துக்குச் சட்டப்படி அசலுக்கு இணையான மதிப்பு உண்டு. நீங்களே ஸ்கேன் செய்து ஏற்றி வைத்த படத்துக்கு அந்த மதிப்பு இல்லை. இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்துகொள்ளுங்கள்.

வேறு பல்கலைக்கழகத்துக்குப் போகிறவர்களுக்கு இடப்பெயர்வுச் சான்றிதழ், அதாவது மைக்ரேஷன் சான்றிதழ் தேவைப்படும். அதை உங்கள் பல்கலைக்கழகத்தில் தனியாக விண்ணப்பித்து வாங்க வேண்டும். கல்லூரியில் டி.சி. தரும்போது அதுவும் கூடவே வந்துவிடாது.

ரிசல்ட் வரவில்லையே!

அடுத்த பெரிய கவலை இது. "சார், அங்க ஜூலைல கிளாஸ் ஆரம்பிக்குது, எங்க யூனிவர்சிட்டி ரிசல்ட் இன்னும் வரல. சீட் போயிடுமா?"

போகாது. இறுதியாண்டு மாணவர்கள் விண்ணப்பிக்கலாம் என்று சொல்லும் நிறுவனங்கள், முடிவு வரத் தாமதமாகும் என்பதையும் கணக்கில் வைத்திருக்கின்றன. தேர்வெழுதி முடிவுக்குக் காத்திருப்பதாக ஒரு உறுதிமொழிப் படிவம் கொடுத்து, தற்காலிகமாகச் சேரலாம். தேர்ச்சிச் சான்றைக் குறிப்பிட்ட தேதிக்குள் கொடுத்தால் போதும். அந்தத் தேதி எது என்று சேர்க்கைக் கையேட்டில் அச்சிட்டிருக்கும். அந்த ஒரு பக்கத்தைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அதோடு, உங்கள் துறைத்தலைவரிடமோ முதல்வரிடமோ ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். இந்த மாணவர் இறுதி செமஸ்டர் எழுதியிருக்கிறார், இதுவரை அரியர் இல்லை, முடிவு எதிர்பார்க்கப்படுகிறது என்று மூன்று வரி இருந்தால் போதும். விடுமுறை விடுவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். மே மாதத்தில் கையெழுத்துப் போட ஆள் தேடி அலைய வேண்டாம்.

அரியர் இருப்பவர்கள் ஒளிக்காதீர்கள். விண்ணப்பத்தில் உண்மையைச் சொல்லுங்கள். பொய்யான விவரம் கொடுத்துக் கிடைத்த இடம், சேர்ந்த பிறகும் ரத்தாகும். அப்போது ஏற்படும் வலி இப்போது இருப்பதைவிடப் பல மடங்கு பெரிது.

இருக்கும் இடமா, வரப்போகும் இடமா?

இப்போது சொல்லப் போவதுதான் பல குடும்பங்களின் தூக்கத்தைக் கெடுக்கிற விஷயம்.

ஒரு மாணவி என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து ஊர்க் கல்லூரியில் எம்.எஸ்சி. இடம் கிடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் 30,000 ரூபாய் கட்டச் சொல்கிறார்கள். அவள் மிகவும் விரும்பிய பல்கலைக்கழகத்தின் அடுத்த பட்டியல் இரண்டு வாரம் கழித்துத்தான் வரும். கட்டினால், அங்கே கிடைத்தால் இந்தப் பணம் போய்விடுமோ என்று பயம். கட்டாவிட்டால், அங்கேயும் கிடைக்காமல் இரண்டும் போய்விடுமோ என்று பயம். அப்பா கடன் வாங்கிய பணம் வேறு. இருப்பதை விட்டுப் பறப்பதற்கு ஆசைப்படலாமா என்று பாட்டி கேட்கிறார். இந்த வீட்டில் அந்த வாரம் யாருக்குச் சோறு இறங்கும்?

இந்தக் குடும்பத்துக்குத் தெரிந்திருக்க வேண்டியது ஒரு விதி. பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யு.ஜி.சி., 2018-இல் கட்டணத்தைத் திருப்பித் தருவது பற்றி ஒரு அறிவிக்கை வெளியிட்டது. சேர்க்கைக்கான கடைசித் தேதியை வைத்து அது கணக்குப் போடுகிறது. கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது விலகினால், முழுக் கட்டணமும் திரும்ப வரும். நடைமுறைச் செலவாக 5 விழுக்காடு வரை, அதுவும் 5,000 ரூபாய்க்கு மிகாமல், பிடித்துக்கொள்ளலாம். 15 நாளுக்குக் குறைவாக இருந்தால் 90 விழுக்காடு வரும். கடைசித் தேதி முடிந்து 15 நாளுக்குள் என்றால் 80 விழுக்காடு, அதற்குப் பிறகு 30-ஆம் நாள் வரை 50 விழுக்காடு. 30 நாள் தாண்டினால் ஒன்றும் வராது. முன்வைப்புத் தொகை, அதாவது காஷன் டெபாசிட், முழுசாகத் திரும்ப வர வேண்டும். சில ஆண்டுகளில் யு.ஜி.சி. தனிச் சுற்றறிக்கை வெளியிட்டு இதைவிடத் தாராளமாகவும் அவகாசம் தந்திருக்கிறது. தொழில்நுட்பப் படிப்புகளுக்கு ஏ.ஐ.சி.டி.இ. தனி விதி வைத்திருக்கிறது.

இப்போது அந்த மாணவியின் கணக்கைப் போடுங்கள். 30,000 கட்டுகிறாள். கடைசித் தேதிக்கு 15 நாள் முன்பே விலகினால் அதிகபட்ச இழப்பு 1,500 ரூபாய். அதற்குள் நெருங்கிவிட்டால் 3,000. தேதி தாண்டி இரண்டு வாரத்துக்குள் என்றால் 6,000. இரண்டு வாரத்துக்குக் காப்பீடு எடுத்த மாதிரி நினைத்துக்கொள்ளலாம். 30,000 போய்விடும் என்ற பயம், 1,500-ஆ 3,000-ஆ என்ற கேள்வியாகச் சுருங்கிவிட்டது. இதற்குப் பதில் சொல்ல ஒரு குடும்பத்தால் முடியும். பாட்டியும் ஒத்துக்கொள்வார்.

அதே அறிவிக்கை இன்னொன்றும் சொல்கிறது. அசல் சான்றிதழ்களைக் கல்லூரி தன்னிடம் வைத்துக்கொள்ளக் கூடாது. உங்கள் முன்னால் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும். சுய சான்றொப்பமிட்ட நகல்களை வைத்துக்கொள்ளலாம். "ஒரிஜினலைக் கொடுத்துட்டுப் போங்க, அப்பறம் பார்க்கலாம்" என்று யாராவது சொன்னால், பணிவாக இந்த அறிவிக்கையைக் குறிப்பிடுங்கள். விலகுவதாக இருந்தால் வாயால் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். தேதி போட்டு எழுத்து மூலம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். எழுத்து மூலம் கேட்ட நாளிலிருந்து 15 நாளுக்குள் பணம் வர வேண்டும். வராவிட்டால் யு.ஜி.சி.யின் இ-சமாதான் இணையதளத்தில் புகார் பதியலாம்.

ஐ.ஐ.டி.களில் எம்.டெக். சேர்க்கைக்கான 'கோயாப்' முறையில் இந்தச் சிக்கலுக்கென்றே மூன்று வழி வைத்திருக்கிறார்கள். இதையே எடுத்துக்கொள்கிறேன் என்று முடித்துக்கொள்ளலாம். இதைக் கையில் வைத்துக்கொண்டு நல்லது வருகிறதா என்று காத்திருக்கலாம். இது வேண்டாம், அடுத்ததைப் பார்க்கிறேன் என்று விடலாம். எந்தப் பொத்தானை அழுத்துகிறோம் என்று தெரிந்து அழுத்த வேண்டும். கலந்தாய்வு நடக்கிற நாளில் யோசிக்க நேரம் இருக்காது. விருப்ப வரிசையை முந்தின வாரமே ஒரு தாளில் எழுதி, வீட்டில் பேசி முடித்துவிடுங்கள். பிறகு அந்தத் தாளைப் பார்த்து அழுத்துவது மட்டும்தான் வேலை.

பணம் பற்றிப் பேசிவிடுங்கள்

பிள்ளைகள் பெற்றோரிடம் கேட்கத் தயங்குவார்கள். பெற்றோர், பிள்ளை மனம் நோகுமே என்று சொல்லாமல் இருப்பார்கள். இடம் கிடைத்த அன்றைக்கு இரண்டு பேரும் அழுவார்கள். இது வேண்டாம். விண்ணப்பம் போடுவதற்கு முன்பே உட்கார்ந்து பேசுங்கள். கட்டணம், விடுதி, போக்குவரத்து எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு எவ்வளவு தாங்கும் என்று ஒரு தொகை சொல்லுங்கள். தாங்காத இடத்துக்கு வழி இருக்கிறதா என்று அதன் பிறகு பார்க்கலாம்.

வழிகள் இருக்கின்றன. 'கேட்' மதிப்பெண்ணோடு ஏ.ஐ.சி.டி.இ. அங்கீகாரம் பெற்ற எம்.இ., எம்.டெக். படிப்பில் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். கல்விக் கடனைப் பொறுத்தவரை, 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில், தரவரிசையில் உள்ள குறிப்பிட்ட நிறுவனங்களில் இடம் பெற்றவர்களுக்குப் பிணையும் ஜாமீனும் இல்லாமல் கடன் கிடைக்கும். குடும்ப வருமானம் 8 லட்சம் வரை உள்ளவர்களுக்கு 10 லட்சம் வரையிலான கடனில் 3 விழுக்காடு வட்டிச் சலுகையும் உண்டு. ஆனால் இந்தச் சலுகை ஆண்டுக்கு ஒரு லட்சம் மாணவர்களுக்குத்தான். உங்கள் நிறுவனம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வங்கிக்கு முதல் முறை போகும் நாள், கட்டணம் கட்டக் கடைசி நாளாக இருக்கக் கூடாது.

இன்னொரு எச்சரிக்கை. கவலையில் இருக்கிறவர்களைத் தேடி வருகிறவர்கள் உண்டு. "சீட் கன்ஃபார்ம் பண்ணித் தர்றேன், இன்னைக்கே முன்பணம் போடுங்க" என்று தொலைபேசி வரும். நன்கொடை வசூலிப்பதைத் தமிழ்நாட்டில் 1992-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. பணத்தை நிறுவனத்தின் அதிகாரப்பூர்வக் கணக்கில் மட்டும் கட்டி, ரசீது வாங்குங்கள். ஏமாந்துவிட்டதாகத் தெரிந்தால் வெட்கப்பட்டுக்கொண்டு நேரம் கடத்தாமல் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அவ்வளவுக்குப் பணத்தை முடக்கி வைக்க வாய்ப்பு அதிகம். சேரப்போகும் பல்கலைக்கழகம் போலிப் பல்கலைக்கழகப் பட்டியலில் இல்லையே என்று யு.ஜி.சி. இணையதளத்தில் பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடத்தைச் செலவழியுங்கள்.

கையில் இல்லாதது

இதுவரை சொன்னது எல்லாம் செய்து முடித்தாயிற்று என்று வைத்துக்கொள்வோம். இனி மிஞ்சுவது நம் கையில் இல்லாத பகுதி. அதையும் கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

ஒரு துறையில் முதுநிலைக்கு 40 இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் மாநிலத்தின் 69 விழுக்காடு இடஒதுக்கீட்டுப்படி, பொதுப் போட்டிக்கு ஏறக்குறைய 12 இடம், பி.சி.க்கு 11, எம்.பி.சி., டி.என்.சி.க்கு 8, எஸ்.சி.க்கு 6, பி.சி. முஸ்லிம், அருந்ததியர் பிரிவுகளுக்கு ஒவ்வொன்று என்று பிரியும். எஸ்.டி.க்கு ஒரு விழுக்காடு என்பதால், சிறிய துறையில் அது முழு இடமாகக்கூட வராது. பொதுப் போட்டி இடங்கள் எல்லாச் சமூகத்தினருக்கும் திறந்தவை. மதிப்பெண் இருந்தால் யாரும் அதில் வரலாம். இப்போது யோசியுங்கள். 8-ஆவதாக வந்த பிள்ளைக்கு இடம். 9-ஆவதாக வந்த பிள்ளைக்கு இல்லை. இருவருக்கும் நடுவில் இருப்பது அரை மதிப்பெண்ணாக இருக்கலாம். 8-ஆவது பிள்ளை அறிவாளி, 9-ஆவது பிள்ளை உதவாக்கரை என்று யாராவது சொல்ல முடியுமா? 9-ஆவது பிள்ளைக்கு அங்கே கிடைக்காமல் போனதற்குக் காரணம், அங்கே 8 நாற்காலிதான் இருந்தது. 8-இல் ஒருவர் வேறு ஊருக்குப் போனால் அந்த நாற்காலி மறுபடி காலியாகும். முதல் பட்டியலைப் பார்த்துவிட்டு மூலையில் உட்காராதீர்கள், இரண்டாவது மூன்றாவது பட்டியலையும் பாருங்கள் என்று சொல்வது இதனால்தான்.

விண்ணப்பங்களையும் இதை மனதில் வைத்துப் போடுங்கள். எட்டாத உயரம் என்று தோன்றுகிற இடம் ஒன்றிரண்டு, உங்கள் மதிப்பெண்ணுக்குச் சரியாக இருக்கும் இடம் மூன்று நான்கு, நிச்சயம் கிடைக்கும், கிடைத்தால் மனசாரப் படிப்பேன் என்கிற இடம் ஒன்றிரண்டு. அந்தக் கடைசி வகையில் எதையுமே போடாதவர்கள்தான் ஆகஸ்டில் அதிகம் தவிக்கிறார்கள். இருபது இடத்துக்குப் போட்டால் வாய்ப்பு கூடும் என்று நினைக்க வேண்டாம். கட்டணம் கூடும், தேதிகள் குழம்பும். ஒரு நோட்டில் கோடு போட்டு, நிறுவனம், விண்ணப்ப எண், கடவுச்சொல், கடைசித் தேதி, பட்டியல் வரும் தேதி, திரும்பப் பெறும் விதி என்று எழுதி வையுங்கள். தலைக்குள் சுமக்கிறதை நோட்டுக்கு மாற்றினாலே கொஞ்சம் தூக்கம் வரும்.

இந்த ஆண்டு எங்கேயும் அமையவில்லை என்றால்? 'கேட்' மதிப்பெண் மூன்று ஆண்டு செல்லும். 'ஜாம்' அந்த ஆண்டுக்கு மட்டும்தான், மறுபடி எழுத வேண்டும். ஓராண்டு வேலைக்குப் போய்க்கொண்டே எழுதலாம். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம், இக்னோ போன்றவற்றில் வீட்டிலிருந்தே முதுநிலை படிக்கலாம். 'ஸ்வயம்' தளத்தில் கட்டணமில்லாமல் பாடங்கள் கிடைக்கின்றன. 'நான் முதல்வன்' திட்டத்தில் திறன் பயிற்சிகள் இருக்கின்றன. அந்த ஓராண்டில் என்ன செய்தீர்கள் என்று அடுத்த நேர்காணலில் கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்லும்படி ஓராண்டைச் செலவழித்தால் அது வீணான ஆண்டு ஆகாது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

அப்பாக்களே, அம்மாக்களே, "பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கிடைச்சிடுச்சாம்" என்ற வாக்கியத்தை இந்த ஆறு மாதத்துக்கு மட்டுமாவது வீட்டுக்கு வெளியே வையுங்கள். தினமும் "ஏதாவது வந்துச்சா?" என்று கேட்பதற்குப் பதிலாக, பட்டியல் வரும் தேதியை நாட்காட்டியில் குறித்துக்கொண்டு அன்றைக்குக் கேளுங்கள். மற்ற நாட்களில் சாப்பிட்டாயா என்று கேட்டால் போதும்.

பிள்ளைகளே, நள்ளிரவு வரை இணையதளத்தைத் திருப்பித் திருப்பித் திறப்பதால் பட்டியல் முன்னதாக வந்துவிடாது. காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை பாருங்கள், போதும். இரண்டு வாரமாகத் தூக்கமே இல்லை, சாப்பாடு பிடிக்கவில்லை, யாரோடும் பேசத் தோன்றவில்லை, வாழ்ந்து என்ன பயன் என்று மனசு போகிறது என்றால், அதைச் சாதாரணப் பரீட்சைப் பயம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். 14416 என்ற எண்ணுக்கு அழையுங்கள். 'டெலி-மானஸ்' எனும் அரசின் இலவச மனநல உதவி எண் அது. 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம். காய்ச்சலுக்கு மருத்துவரைப் பார்ப்பதில் என்ன வெட்கமோ, அதே அளவு வெட்கம்தான் இதற்கும் வேண்டும். உங்கள் நண்பன் ஒருவன் திடீரென்று அமைதியாகிவிட்டான் என்றால், அவன் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே அந்த எண்ணை அழுத்திக் கொடுங்கள்.

வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். எல்லாச் சான்றிதழ்களையும் தரையில் பரப்பி வைத்துப் பெயர், பிறந்த தேதி, அப்பா பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். எது இல்லையோ, எது பழசோ, அதை ஒரு தாளில் எழுதுங்கள். நாளைக் காலை அந்தத் தாளோடு இ-சேவை மையத்துக்குப் போங்கள். இன்றைய பேச்சில் வேறெதுவும் நினைவில் நிற்காவிட்டாலும் பரவாயில்லை, இது ஒன்று நடந்தால் போதும்.

உங்கள் அனைவருக்கும் விரும்பிய படிப்பு அமைய வாழ்த்துகள்.